மாமனார் வீட்டு மதர்போர்டு

மாமனார் வீட்டுக்குப் போகும் மாப்பிள்ளை, தனக்கு ஏதாவது வேலை தெரியும் என்பதை வெளியே காட்டிக்கொள்ளவே கூடாது. சாப்பிடத் தெரியும், சாப்பிட்டபின் தூங்கத் தெரியும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் கடைசிவரை மரியாதைக்குக் குறைவிருக்காது. கல்யாணமான முதல் வருடத்திலேயே எனக்கு இது புரிந்துவிட்டது. புரிந்த விதம்தான் கேவலமானது. அதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி வீட்டார் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும் (இருக்கிறது).

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங். அப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தேன். பெயர்தான் பெரிது. வரிசையாக வரும் டப்பாக்களின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். படித்த படிப்பு துருப்பிடிக்கிறதே என்ற கவலையில், வார விடுமுறை நாட்களில் லேப்டாப் பழுதுபார்க்கும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். உயிர் போன லேப்டாப்பின் உள்ளே இருக்கும் மதர்போர்டை எடுத்து, எங்கே கோளாறு என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் சரிசெய்யும் வித்தை. வகுப்பில் எங்களுக்குப் பழகக் கொடுத்தவை எல்லாம் செத்துப்போன போர்டுகள். வகுப்பு முடிந்தபோதும் அவை செத்துத்தான் கிடந்தன. ஆனால் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

நம்பிக்கை வந்த கையோடு மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், திருப்புளி செட் எல்லாம் வாங்கி ஒரு கறுப்புப் பையில் போட்டுக்கொண்டேன். எங்கே போனாலும் அந்தப் பை என்னோடு வரும். கல்யாண வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறேன். ஒரு துக்க வீட்டுக்குக்கூட எடுத்துப் போயிருக்கிறேன் (ஃப்ரீசர் பெட்டி மக்கர் பண்ணினால் என்ன செய்வது?). ரீனா, என் மனைவி, ஆரம்பத்தில் இதைப் பெருமையாகத்தான் நினைத்தாள். எங்கள் வீட்டு மிக்ஸியை நான் சரிசெய்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டாள்.

அவளுடைய ஊர் பொம்மிடிக்குப் பக்கத்தில். கோயில் திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு எங்களைக் கறிச்சோற்றுக்கு அழைத்திருந்தார்கள். கிளம்பும்போதே, எங்க வூட்டுக்காச்சும் அந்தப் பைய எடுத்துட்டு வராதீங்க என்று கெஞ்சினாள். நான் எடுத்துக்கொண்டேன். இந்தக் கதை முழுவதும் இப்படியே நடக்கும். ஒருவர் நல்லதைச் சொல்வார், நான் கேட்க மாட்டேன்.

என் மாமனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தோணிசாமி என்று பெயர். கொஞ்சம் மாந்தோப்பு, கொஞ்சம் தென்னை. ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். சந்தைக்குப் போனால் சைக்கிள் தனியாகவும் அவர் தனியாகவும் திரும்பி வருவார்கள் என்று ரீனாவே சொல்லியிருக்கிறாள். மகள் கல்யாணப் பேச்சு எடுத்த சமயம் வேளாங்கண்ணிக்குப் போய் மாதா முன்னால் மண்டியிட்டு, இனிமேல் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார். ஊரே மெச்சியது. பங்குக் கோயிலில் மது ஒழிப்புக் குழு ஒன்று தொடங்கி அவரையே தலைவராக உட்கார வைத்தார்கள். பூசை முடிந்ததும் மைக்கில் பேசுவார். அழிந்துபோன குடும்பங்களைப் பற்றி அவர் பேசும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆண்கள் சீக்கிரம் முடித்தால் தேவலை என்பதுபோல் நிற்பார்கள்.

இதில் அவரைவிடப் பெரிய மாற்றம் என் மாமியார் லூர்துமேரிக்குத்தான். முன்பெல்லாம் தண்ணீர்க் குழாயடியில் பேச்சுக் கொடுக்காதவர்கள், அவர் வந்தால் குடத்தை நகர்த்தி இடம் விட்டார்கள். புருசனைத் திருத்துவது எப்படி என்று யோசனை கேட்க அரூரிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். அத்தை அவர்களுக்கு மோர் கொடுத்து யோசனை சொல்லி அனுப்புவார்.

நாங்கள் போய் இறங்கியபோது வீட்டில் மட்டன் வாசனை, கூடவே ஒரு சோகம். ரீனாவின் தங்கை பிரின்சி மூலையில் உட்கார்ந்திருந்தாள். பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து முடித்துவிட்டு ஒரு மாதமாக வீட்டில் இருந்தாள். அவளுக்கு ஒரு பெங்களூர் கம்பெனியில் கடைசிக் கட்ட இன்டர்வியூ, மறுநாள் திங்கட்கிழமை காலையில். கேமரா முன்னால் உட்கார்ந்து புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும், செல்போனில் முடியாது. லேப்டாப்போ வெள்ளிக்கிழமையிலிருந்து செத்துக் கிடக்கிறது. பட்டனை அமுக்கினால் ஒரு சின்ன விளக்குகூட எரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அரூரில் கடை கிடையாது. சேலத்துக்குக் கொண்டுபோனாலும் அன்றைக்கே கிடைக்காது.

அத்தைக்கு இதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சின்ன மகளை மறுபடி பெங்களூருக்கு அனுப்புவதில் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே விருப்பமில்லை. மொரப்பூரில் ஒரு வரன் பார்த்து வைத்திருந்தார். லேப்டாப் தானாகச் செத்ததை மாதாவின் சித்தமாகவே அவர் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

பிரின்சி என்னைப் பார்த்தாள். பார்த்ததும் எனக்குள் பத்து டாக்டர்கள் எழுந்து நின்றார்கள்.

“குடு, பாத்துரலாம்” என்றேன்.

அப்போது ஆட்சேபம் சொன்ன ஒரே ஆள் மாமனார். எதற்கு மாப்பிள்ளைக்குச் சிரமம், வந்த இடத்தில் ஓய்வாக இருக்கட்டும், நாளைக்குச் சேலத்துக்குக் கொடுத்து அனுப்பலாம் என்றார். நாளைக்குத்தானே இன்டர்வியூ என்றாள் பிரின்சி. அப்படியானால் பெங்களூருக்கே கொடுத்து அனுப்பலாம் என்றார். அவருக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று நான் நெகிழ்ந்துபோனேன். இப்போது நினைத்தாலும் அந்த நெகிழ்ச்சிக்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம் போலிருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து வேலையை ஆரம்பித்தேன். சுற்றி எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பங்கின் உபதேசியாரும் விருந்துக்கு வந்திருந்தார். ஞாயிறு மறைக்கல்வி நடத்துபவர், மது ஒழிப்புக் குழுவின் செயலாளரும் அவரே, மாமனாருக்கு நெருங்கிய நண்பர். லேப்டாப்பைப் பார்த்ததும் தன் நாற்காலியை வாசல் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். காற்றுக்காக என்று நினைத்தேன்.

முதலில் சார்ஜரை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். அது நன்றாக இருந்தது. “பவர் வருது. உள்ளதான் கோளாறு” என்று அறிவித்தேன். சார்ஜரில் கோளாறாக இருந்தால் இந்தக் கதையே இல்லை. பின்மூடியின் திருகாணிகளைக் கழற்றினேன். திருகாணிகள் ஒரே அளவில் இருக்காது, சில நீளம், சில குட்டை. எது எந்த ஓட்டையில் இருந்தது என்று தாளில் படம் வரைந்து ஒட்டி வைக்க வேண்டும் என்பது வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். எல்லாவற்றையும் அத்தை கொடுத்த ஒரு சில்வர் கிண்ணத்தில் மொத்தமாகப் போட்டேன். அறுவைச் சிகிச்சை செய்கிறவன் ஊசி நூலை எண்ணிக்கொண்டிருப்பானா?

மூடியைத் திறக்கப் போன நேரம் மின்விசிறி நின்றது.

“கரன்ட் போயிருச்சு” என்றபடி மாமனார் பின்கட்டிலிருந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை போனால் சாயந்தரம்தான் வருமாம். அதுவரை தோப்பைப் பார்த்துவிட்டு வரலாம், இளநீர் வெட்டித் தருகிறேன் என்றார். உபதேசியாரும் அது நல்ல யோசனை என்று சொல்லி எழுந்துவிட்டார்.

சாதாரண மனிதன் இளநீர் குடிக்கப் போயிருப்பான். நான் பரிசோதகன் அல்லவா? பக்கத்து வீட்டில் டிவி ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. கையில் மீட்டரோடு பின்கட்டில் மீட்டர் பெட்டி இருக்கும் இடத்துக்கு விறுவிறுவென்று போனேன். மெயின் சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது. தூக்கிவிட்டேன். மின்விசிறி சுழன்றது. திரும்பி வந்து, கரன்ட் போகவில்லை, யாரோ மெயினை இறக்கிவிட்டிருக்கிறார்கள் என்று மாமனாரிடமே விளக்கினேன். அப்படியா என்றார். அவ்வளவு களைத்த ஒரு அப்படியாவை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மூடி திறந்தது. பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் போர்டில் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தேன். மின்சாரம் உள்ளே நுழையும் முக்கியப் பாதையும் தரைப் பாதையும் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. ஒட்டியிருந்தால் மீட்டர் பீப் என்று கத்தும். கத்தியது. அப்படியொரு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை (ரீனா இதைப் படிப்பாள் என்று தெரியும்). “ஷார்ட் ஆயிருக்கு” என்றேன். அத்தை சிலுவை போட்டுக்கொண்டார்.

ஷார்ட் எங்கே என்று தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. போர்டின் ஒரு மூலையில், கீபோர்டுக்கு நேர் கீழே, வெல்லப்பாகு மாதிரி பழுப்புக் கறை. கறையின் நடுவில் கடுகு அளவில் வரிசையாக இருந்த பொருட்களில் ஒன்று கருகிப்போயிருந்தது. கெப்பாசிட்டர் என்பார்கள். அந்த ஒற்றைக் கடுகுதான் முழு லேப்டாப்பையும் சாகடித்திருந்தது. அதை எடுத்துவிட்டால் போதும், பக்கத்தில் இருப்பவை சமாளித்துக்கொள்ளும்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் சுற்றிலும் ஜனம் உட்கார்ந்திருக்கிறது. காரணம் சொல்லாத டாக்டருக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்?

“தண்ணி பட்டிருக்குங்க அத்த” என்றேன்.

யார் லேப்டாப்மேல் தண்ணீர் ஊற்றியது என்று அத்தை கேட்டார். மழைச்சாரலாக இருக்கும் என்றார் மாமனார். மழை பெய்து மாதக் கணக்காகிறதே மாமா என்றேன். தண்ணீர்ப் பானையிலிருந்து சொட்டியிருக்கும் என்றார் உபதேசியார். வெறும் தண்ணீர் என்றால் இப்படிப் பிசுபிசுப்பான கறை இருக்காது என்று அதையும் தள்ளிவிட்டேன். டீயாக இருக்கும் என்றார் மாமனார். அவர் குரல் லேசாகக் கெஞ்சியது. டீ என்றால் பால் ஆடை படிந்திருக்கும் மாமா, இது வேறு என்றேன். எவ்வளவு பாலம் போட்டுக் கொடுத்தார் அந்த மனிதர். ஒவ்வொன்றாக உடைத்துப்போட்டேன்.

சால்டரிங் அயர்ன் சூடாகிவிட்டது. அதன் முனையைக் கருகின கடுகின்மேல் வைத்தேன். கறை பொசுங்கி ஒரு மெல்லிய புகை எழுந்தது. புகை மேசைக்குமேல் பரவி, ஒவ்வொருவர் மூக்கையும் விசாரித்துக்கொண்டே போனது. நான் கண்ணை மூடி நன்றாக இழுத்துப் பார்த்தேன். எங்கோ தெரிந்த வாசனை. பரீட்சையில் விடை தெரிந்துவிட்ட பையனின் சந்தோஷத்தோடு சொன்னேன்.

“பிராந்திங்க.”

என் தொடையில் ரீனாவின் நகம் இறங்கியது. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். யாரோ இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊற்றிக் குடித்திருக்கிறார்கள், கை தவறிக் கொட்டியிருக்கிறது என்று விளக்கத்தையும் முடித்துவைத்தேன்.

அத்தை மெதுவாகப் பிரின்சி பக்கம் திரும்பினார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. (நான் எதைத்தான் எதிர்பார்த்தேன்?)

“ஆஸ்டல்ல இதத்தான் படிச்சியா?”

பிரின்சிக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் முகம் வெளுத்துவிட்டது. லேப்டாப் அவளுடையது, பிரசங்கம் கேட்க எடுக்கும் அப்பாவை விட்டால் வேறு யார் அதைத் தொடப் போகிறார்கள் என்றார் அத்தை. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. பெங்களூர் போகும்போதே எனக்கு மனசு ஒப்பவில்லை, ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறேன், என் வீட்டுக்குள்ளேயே இப்படி என்று சொல்லிக்கொண்டே போனார்.

இந்தக் கட்டத்தில் அந்தப் பெண்ணைக் காப்பாற்றலாம் என்றுதான் நான் மறுபடி வாயைத் திறந்தேன். சத்தியமாக அந்த நல்லெண்ணம்தான். ஹாஸ்டலில் இருந்தபோது கொட்டியதாக இருக்க முடியாது அத்தை, கறை இன்னும் ஈரப் பிசுக்கோடு இருக்கிறது, கொட்டி மிஞ்சிப் போனால் இரண்டு மூன்று நாள்தான் இருக்கும் என்றேன்.

“அப்ப இந்த வூட்டுலயே வெச்சா குடிச்சா?” என்றார் அத்தை.

காப்பாற்றியது போதும் என்று ரீனா என் கையிலிருந்து மீட்டரைப் பிடுங்கிக்கொண்டாள்.

பிரின்சி அழவில்லை. மறுக்கவும் இல்லை. தன் அப்பாவைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நானாவது போர்டைத் திறந்து கண்டுபிடித்தேன், அவள் வெள்ளிக்கிழமை லேப்டாப் கைக்கு வந்தபோதே முகர்ந்திருப்பாள். தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல், மூலையில் உட்கார்ந்து, எப்படியாவது சரியானால் போதும் என்றிருந்தாள். மாமனார் மேசை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். மைக் முன்னால் மணிக்கணக்கில் பேசுகிற மனிதர்.

“நாளைக்கு இன்டர்வியூவும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்றார் அத்தை. “மொரப்பூர்க்காரங்கள வந்து பாத்துட்டுப் போகச் சொல்றேன்.”

மாமனார் கை நின்றது.

“அவள விடு மேரி. நாந்தான்.”

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் தலையைத் தூக்காமல் சொன்னார். வியாழக்கிழமை மத்தியானம், தோப்பு மோட்டார் ரூமில். இதற்கு முன்பும் எப்போதாவது. அவர் அடிக்கடி மகளின் லேப்டாப்பை மோட்டார் ரூமுக்கு எடுத்துப் போவது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நிம்மதியாக உட்கார்ந்து பிரசங்கம் கேட்கிறார் என்று அத்தை குழாயடியில் பெருமையாகவே சொல்லி வைத்திருந்தார்.

“அப்ப பிரசங்கம்னு சொன்னது?” என்று கேட்டார் அத்தை.

“பிரசங்கமும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக்கிக்கொண்டேன். அத்தை சிரிக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். மோர் குடித்துவிட்டுப் போன அத்தனை பெண்களும் அந்த நேரம் அவர் கண்முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும்.

உபதேசியார், நேரமாகிறது, பிறகு வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். கறிச்சோறு தயாராகும் நேரத்தில் எழுந்துபோகிற உபதேசியாரை அந்த ஊர் கண்டதில்லை. அத்தைக்கு அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

“ஒக்காருங்க உபதேசியாரே. மோட்டார் ரூமுல டம்ளரு ஒண்ணா, ரெண்டா?”

“நான் பிரசங்கம் கேக்கத்தாங்க போனேன்” என்றார் உபதேசியார்.

மது ஒழிப்புக் குழுவின் தலைவரும் செயலாளரும் ஒரே சமயத்தில் பிடிபட்ட அந்த நிமிடத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், கடுகைப் பெயர்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கடுகு கழன்று வந்தது. ரீனாவிடம் மீட்டரைக் கேட்டு வாங்கி முனைகளை வைத்தேன். பீப் இல்லை. கறையைத் துடைத்தேன். பேட்டரியைச் சேர்த்து, சார்ஜரைச் செருகி, பட்டனை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. குட்டி விசிறி சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாகச் செத்த போர்டு ஒன்று என் கையால் உயிர்த்தெழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. அத்தை அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார், ரீனா பின்னாலேயே போனாள். மாமனார் சுவரைப் பார்த்தார். உபதேசியார் மாமனாரைப் பார்த்தார். பிரின்சி மட்டும் திரையைப் பார்த்து, “தேங்க்ஸ் மாமா” என்றாள். அந்த ஒரு நன்றியோடு லேப்டாப்பை அப்படியே திறந்தபடி அவளிடம் கொடுத்திருந்தால் நான் இன்றைக்கும் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடப்பேன்.

ஆனால் மூடியைப் போட்டு முடுக்கிக் கொடுப்பதுதானே முறை? கிண்ணத்தில் கையை விட்டேன். வந்த திருகாணியை வந்த ஓட்டையில் போட்டேன். ஒன்று பாதியில் இறுகியது. துரு என்று நினைத்துக் கொஞ்சம் பலம் கொடுத்துத் திருப்பினேன். உள்ளே நறுக்கென்று, அப்பளம் உடைகிற மாதிரி ஒரு சத்தம். குட்டை ஆணியின் ஓட்டையில் நெட்டை ஆணி. அது மூடியைத் தாண்டி, போர்டைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. திரை அணைந்தது. விளக்கும் போயிற்று. பட்டனை அமுக்கினேன். பிரின்சி அமுக்கினாள். கடைசியாக மாமனார்கூட எழுந்துவந்து ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

ஒரு குடும்பத்தின் மானத்தை வாங்கி, அதற்கு ஈடாக ஒரு லேப்டாப்பைச் சரிசெய்தேன். பிறகு அந்த லேப்டாப்பையும் கொன்றேன். எல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால்.

அன்று கறிச்சோறு பரிமாறப்பட்டது. அத்தை எல்லோருக்கும் போட்டார், உபதேசியாருக்கும் போட்டார், ஒரு வார்த்தை பேசாமல். அவர் பேசாமல் பரிமாறும்போது எலும்பைக் கடிப்பதற்குக்கூடப் பயமாக இருந்தது. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு உபதேசியாரிடம் மட்டும் பேசினார். அவருடைய மகனிடம் ஒரு லேப்டாப் இருப்பது அத்தைக்குத் தெரியும்.

“விடிஞ்சதும் அது இங்க இருக்கணும்.”

அதற்குப் பிறகு பிரின்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவள் தட்டில் மிச்சமிருந்ததைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்றார். அவள் போட்டுக்கொண்டாள். மொரப்பூர்ப் பேச்சு அதோடு நின்றது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் தர்மபுரி வரைக்கும் ரீனா என்னிடம் பேசவில்லை. தர்மபுரியில் ஓசூர் பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிராந்தி வாசனை உங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுதத் தேவையில்லை. கிருஷ்ணகிரி தாண்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

உபதேசியார் மறுநாள் பொழுது விடியுமுன்பே லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து வாசலில் நின்றாராம். பிரின்சி அதில் இன்டர்வியூ முடித்தாள், வேலையும் கிடைத்தது. இப்போது பெங்களூரில் நல்ல நிலையில் இருக்கிறாள். நான் போனால் தன் லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் காபி போடப் போகிறாள். மாமனார் அந்த வாரமே பங்குச் சாமியாரிடம் போய் நடந்ததைச் சொல்லித் தலைவர் பதவியை விட்டுவிட்டார். வேறு ஆளைத் தேடினார்கள். சாயந்தரங்களில் தோப்புப் பக்கம் ‘வேலை’ இல்லாத ஆண் யாரும் ஊரில் கிடைக்காததால் சில மாதத்தில் அவரிடமே திரும்பி வந்தார்கள். இப்போதும் மைக்கில் பேசுகிறார். ஆனால் மற்ற குடும்பங்களின் கதையைச் சொல்வதில்லை, தன் கதையை மட்டும் சொல்கிறார். இப்போது ஆண்களும் கேட்கிறார்கள் என்று ரீனா சொல்கிறாள். மோட்டார் ரூம் சாவி அத்தையின் இடுப்பில் இருக்கிறது.

எனக்குக் கிடைத்த தண்டனைதான் தீராதது. அந்த வட்டாரத்தில் என் பெயர் யாருக்கும் தெரியாது. “மோந்து பாக்கற மாப்ள” என்றால் பொம்மிடியிலிருந்து அரூர் வரைக்கும் தெரியும். ரீனாவின் சொந்தக்கார ஆண்கள் நான் வருவதைக் கண்டால் பேச்சை நிறுத்தி, பாக்கு மெல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். கல்யாண வீடுகளில் பந்தலுக்குப் பின்னால் நடக்கும் எந்த ரகசியக் கூட்டத்துக்கும் எனக்கு அழைப்பில்லை. நானும் மனிதன்தான், நானும் எப்போதாவது என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். உளவு பார்க்க வந்திருக்கிறேன் என்று முடிவு கட்டி இன்னும் தள்ளிப் போனார்கள்.

பெண்களோ என்னை விடுவதே இல்லை. அவர்கள் பக்கத்தில் எந்த விசேஷம் என்றாலும் எனக்குத் தனிப் பத்திரிகை வருகிறது. போன மாதம் மொரப்பூரில் ஒரு கல்யாணம். நான் மண்டபத்துக்குள் நுழைவதற்குள் மணப்பெண்ணின் பெரியம்மா, நான் அதுவரை பார்த்திராதவர், என் கையைப் பிடித்து மண்டபத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதைத் துண்டால் துடைத்துவிட்டார்.

“இப்பிடி ஒக்காந்துக்கங்க மாப்ள. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். ஒங்க அத்த வந்து எந்திரிக்கச் சொல்றவரைக்கும் சும்மா இருந்தாப் போதும்.”

உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் வந்த இரண்டு மூன்று பேர் என்னைப் பார்த்துவிட்டு, போன் வந்த மாதிரி காதில் கையை வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். தாலி கட்டும் மேளம் உள்ளே கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாமனார் இரண்டு தட்டில் பிரியாணியோடு வந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார்.

“இன்னும் எவ்ளோ நேரம் மாப்ள இங்கியே இருப்பீங்க?”

“அத்த வந்து சொன்னாத்தான் மாமா எந்திரிக்கணும்.”

அவர் தலையாட்டினார். “எனக்கும் அப்பிடித்தான் சொல்லியிருக்கா” என்றார்.